ஒன்பது படி வார்த்தை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வெண்கலம் என்றுதான் பெயர். கீழே தரை துடைக்கும் மாப்போடு நின்று, "ஈரமா இருக்கு, பாத்து வாங்க!" என்றால் மூன்றாம் மாடியில் நடப்பவரும் காலைத் தூக்கிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட குரலை வாளிக்குள் போட்டு வைப்பது என்ன நியாயம்? மைக்கில் அறிவிப்பவர் ஓய்வு பெறுகிறார் என்றதும் அந்த வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். முழங்கால்கள் வேறு போன வருஷத்திலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தன.

தேர்வு வைப்பவரோ காது மூக்கு தொண்டை டாக்டர். தன் துறையின் முழுப் பெயரைப் பிசகாமல் சொல்பவருக்குத்தான் மைக் என்று சொல்லிவிட்டார். ஓட்டோரைனோலாரிங்காலஜி!

"இது பேரா, கூட்ஸ் வண்டியா சிஸ்டர்?" என்று தலைமை நர்ஸிடம் போய் நின்றாள்.

நர்ஸ் சிரித்தாள். "பெட்டி பெட்டியா கழட்டிடலாம் வா. ஓட்டோன்னா காது, ரைனோன்னா மூக்கு, லாரிங்கோ தொண்டை, லஜி படிப்பு. சொல்றப்போ ஒன்பது துண்டு. ஓ-டோ-ரை-நோ-லா-ரிங்-கா-ல-ஜி. ‘கா’வுல மட்டும் அழுத்து."

ஒன்பது என்றதும் அவளுக்குப் பொறி தட்டியது. மாடிப்படியில் ஒரு திருப்பத்துக்கு ஒன்பது படி. மேலிருந்து துடைத்தபடி பின்பக்கமாக இறங்குகையில் படிக்கு ஒரு துண்டு சொன்னாள். ஏழாவது படியின் விளிம்பு உடைந்திருக்கும். அங்கே எப்போதும் காலை அழுத்தித்தான் ஊன்றுவாள். ‘கா’ தானாக வந்து விழுந்தது. ஒரே வாரத்தில் அந்த வார்த்தை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தேர்வன்று மைக் முன்னால் நின்றாள். "ஓ..." என்றாள். அவ்வளவுதான். கால் நகராமல் வாய் நகர மாட்டேன் என்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தேர்வுக்கு அடுத்து நின்றவள் தொண்டையைக் கனைத்தாள். வெண்கலம் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். மறுபடியும் அந்த வாளிதானா?

"மைக்கைக் கையில எடுத்துக்கலாமா சார்?"

"எடுத்துக்கோம்மா."

எடுத்தாள். பின்பக்கமாக நடந்தாள், அடிக்கு ஒரு துண்டாக. ஏழாவது அடியை ஓங்கி மிதித்தாள். ஒன்பதாவதில் வயர் விறைத்து நிற்க, முதுகு சுவரில் முட்ட, ‘ஜி’ கட்டடம் முழுக்கக் கணீரென்று ஒலித்தது. வார்டுகளிலிருந்தெல்லாம் கைதட்டல் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் டாக்டர், முகமெல்லாம் பல்லாக. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மறுபடி மைக் மேஜைக்குப் போய் முதல் அடியிலிருந்து தொடங்கினாள்.

திங்கட்கிழமை மைக் முன்னால் அவளுக்குக் கொடுத்த நாற்காலியில், நல்லவேளையாக, சக்கரம் இருந்தது.