யானைக் கெண்டி

இத்தாலியில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் சால்வோவின் பழம்பொருள் கடை. சாமான்களைப் பெட்டியில் அடுக்க நானும் சாந்தனும் போயிருந்தோம். மேசை நிறையத் தாய்லாந்து, கம்போடியாப் பக்கத்துப் பழைய மண்பாண்டங்கள். தேன் நிறத்தில் பளபளக்கும் யானை, வாத்து, ஆமை. எல்லாவற்றுக்கும் முதுகில் தண்ணீர் விட ஒரு வாய், முன்னால் ஊற்ற ஒரு மூக்கு.

சால்வோ யானையைச் சாந்தனின் கையில் கொடுத்து, "கெண்டி, கெண்டி" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனான். பொதியத்தான் கொடுத்திருக்கிறான். மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர்தானாம் அவர்கள் தொழிலிலும்.

காலையிலிருந்து வெக்கைக் காற்று. சாந்தனுக்கு நாக்கு ஒட்டிக் கிடந்தது.

"முதலாளிக்குத் தமிழ் வருது அண்ணை! குடிக்கக் கெண்டி தந்திருக்கிறான்."

"கவனமடா, பழசு."

"ஆனையெண்டால் தும்பிக்கையாலை தண்ணி தரத்தானே வேணும்!"

குழாயில் நிரப்பி, அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றினான். எப்போதோ பசை வைத்து ஒட்டிய தும்பிக்கை கழன்று விழுந்து சிதறியது.

சால்வோ பெட்டி திறக்கிற இரும்புக் கம்பியோடு வந்தான். முதல் அடியில் சாந்தனின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கையிலிருந்த யானையும் விழுந்து உடைந்து போயிற்று. அடுத்தது தோளில். விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கம்பியைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து அழுத்தினான். சாந்தனின் கால்கள் உதறின. முகம் கறுத்தது.

பின்னால் பிடித்து இழுத்தேன். முழங்கையால் இடித்தான், ஒரு பல் வாய்க்குள் உருண்டது. எனக்கு வரும் இத்தாலியன் எல்லாம் அதோடு போய்விட்டது. வாத்தைத் தலைக்கு மேலே தூக்கித் தமிழிலேயே கத்தினேன்.

"விடடா அவனை! இல்லாட்டி இதுவும் போகும்!"

அவனுக்கு விளங்கியது. கம்பி தளர்ந்தது. சாந்தன் கதவு கிறீச்சிடுவது போல மூச்சு இழுத்தான்.

"வெளியாலை போ!"

"அண்ணை, நீங்கள்..."

"போடா எண்டுறன்!"

அவன் தவழ்ந்து வாசலைத் தாண்டினான். சால்வோ ஒரு கையை ஏந்திக் கெஞ்சினான். மற்றக் கையால் கம்பியை என் முழங்காலுக்கு வீசினான். நான் வாத்தை அவன் முகத்தில் இறக்கினேன். கன்னம் கண்ணிலிருந்து தாடைவரை பிளந்தது.

நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன். சாந்தன் சுவரோடு சாய்ந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது. யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள்.

துரத்தி வருகிறானா என்று திரும்பிப் பார்த்தேன். சால்வோ கன்னத்தைக்கூடப் பொத்தாமல் முழந்தாளில் நின்று, வாத்துத் துண்டுகளை ஒரு பக்கமும் யானைத் துண்டுகளை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.