தெற்கு மாசி வீதியில் சாரல்

கோமதியம்மாள் புறவாசல் வழியாக இறங்கியபோது முன்வாசலில் ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. அத்தையின் உயிர் போய் ஒரு நாழிகைகூட ஆகவில்லை. அத்தையின் ஒரே மகன், அவள் புருஷன் நம்பிராஜன், வீட்டில் இல்லை.

“மத்தியானத்துக்குள்ள வரலேன்னா பெரியப்பன் மகன் நீர்மாலை எடுக்கட்டும். இந்த ஈரத்துல எவ்வளவு நேரம் போட்டு வைக்க?” என்று தாய்மாமன் சிவனணைந்தபெருமாள் சொல்லிவிட்டார். பெற்றவளைக் குளிப்பாட்ட ஆற்றுத் தண்ணீர் எடுத்துவருவது மகன் கடமை. அதையும் தவறவிட்டால் அந்த மனுஷன் என்னத்துக்கு ஆவார்?

தேடப் போனவர்கள் ஜட்கா பிடித்துக் குற்றாலத்துக்குப் போயிருந்தார்கள். படம் வரைகிறவன் அருவிக்கரையில்தான் இருப்பான் என்று நினைப்பு. சீசன் கூட்டத்தைக் கண்டாலே அவனுக்கு ஆகாது என்பது கட்டினவளுக்குத்தானே தெரியும்! அவள் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? இழவு வீட்டு மருமகள் தெருவில் இறங்கினால் ஊர் பேசும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும்.

அவனைப் போகச் சொன்னதே அவள்தான். “ரெண்டு நாளா நீங்க கண்ணு மூடல. செத்த போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று காலையில் வர்ணப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவன் தலை மறைந்ததும் அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“நம்பி எங்கட்டி?”

“இந்தா வந்துருவாக.”

கடைசி மூச்சுவரை அதே கேள்வி, அதே பதில்.

தெற்கு மாசி வீதியில், பூட்டிக் கிடந்த ஜவுளிக்கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான் நம்பிராஜன். மடியில் பலகை. உச்சி இடிந்து நின்ற கோயிலின் மொட்டைக் கோபுரத்தை எழுதி முடித்து, அதன்மேல் சாரலைக் கொண்டுவர நீலத்தை நீர்க்க இழுத்துக்கொண்டிருந்தான். ஆள் வந்ததை உணர்ந்தவன் திரும்பாமலே பேசினான்.

“நீயா? நல்ல நேரத்துக்கு வந்தே. இங்கன பாரு, வர்ணம் தானா ஓடி மழையாவுது.”

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் சந்தோஷம்! அவன் நிமிர்ந்தான். ஒப்பாரியிலிருந்து எழுந்தவள் அவிழ்ந்த தலையை முடியாமலே வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“எப்போ?”

“இப்பத்தான்.”

“என்னைக் கேட்டாளா?”

உள்ளதைச் சொன்னால் ஆயுசுக்கும் அதையே நினைத்து உருகுவான்.

“இல்ல. தூங்குன மாதிரியே போயிட்டாக.”

“ஒரு தடவகூடக் கேக்கலியா?”

அவன் முகம் சிறுபிள்ளை முகமாகச் சுருங்கியதைக் கண்டபோதுதான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. சொன்ன சொல்லை எப்படி விழுங்க? தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துப் பெட்டியை மூடினாள். அவன் ஈரப் படத்தை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். அவள் பின்னால் போனாள். வீடு வரும்வரை இரண்டு தடவை உள்ளதைச் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள்.

“வந்துட்டியாலே” என்ற மாமாவின் குரல் உடைந்தது. நீர்மாலைக்கு விதானமாகப் பிடிக்கும் வெள்ளைத் துணியோடு பங்காளிகள் தயாராக நின்றார்கள். நம்பிராஜன் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, குடத்தை வாங்கித் தோளில் வைத்து ஆற்றுக்கு நடந்தான்.

சட்டையின் விலாப்பக்கத்தில் கோபுரமும் சாரலும் குழம்பி ஒட்டியிருந்தன.

“அழுக்குத் துணியோட போடுட்டி அதை” என்றாள் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள்.

“இருக்கட்டும்.”

கோமதி சட்டையை, ஈரம் உள்ளே போக மடித்து மடியில் வைத்துக்கொண்டு அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.