பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு கோப்பு

காவல்துறைத் தலைவர் டெலானி நிருபர்களிடம் பேசியபோது லொரேனா இன்னும் சாலையில்தான் இருந்தாள், அளவு நாடாவின் முனையைக் காலால் மிதித்தபடி. இறந்தவர் திடீரெனக் குறுக்கே வந்துவிட்டார், எந்த ஓட்டுநராலும் தவிர்த்திருக்க முடியாது என்று அவர் சொன்னதை ரோந்து வண்டி வானொலியில் கேட்டாள். விபத்து நடந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. காரில் ஓட்டுநர் என்று யாரும் இருக்கவில்லை.

இறந்தவர் ஹாரிஸ் அன்டோனே. அறுபத்தொரு வயது. காலையில் சலவைக் கடையிலிருந்து துணிப்பையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். பதினெட்டு வருடமாகக் காவல்துறையில் விபத்துகளை அளந்து வரும் லொரேனா, மூன்றாம் நாள் காரின் பதிவைப் பார்த்தாள். மோதுவதற்கு நான்கு நொடிக்கு முன்பே கார் அவரைப் பார்த்திருந்தது. பார்த்தும், எதிரில் இருப்பது ஆளா பொருளா என்று முடிவுசெய்யாமல், வேகம் குறையாமல் வந்திருந்தது. அந்தப் பதிவையும் காரைச் செய்த கம்பெனியின் ஆட்களே வந்து விளக்கினார்கள், சிரித்த முகத்தோடு, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பதுபோல.

ஹாரிஸின் துணிப்பையை ஒப்படைக்கப் போனபோது மகள் வெர்னா வாசலிலேயே நின்றாள். பையை வாங்கவில்லை. தெருவில் நின்ற புது ரோந்து வண்டியைப் பார்த்தாள். அந்தக் கம்பெனி போன வருடம் காவல்துறைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ஆறில் அது ஒன்று, ஊருக்கே தெரியும்.

"அவங்க குடுத்த வண்டியிலயே வந்துட்டீங்களா?" என்றாள், குரல் உயர்த்தாமல்.

அன்று லொரேனாவுக்கு எதிலும் கை ஓடவில்லை. அடுப்பைத் தேய்த்தாள், பாதியில் விட்டாள். மறுநாள், வழக்கைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றும்படி டெலானிக்கு எழுதி, அரசு வழக்கறிஞருக்கும் ஒரு நகல் அனுப்பினாள்.

டெலானி கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நம்ம எல்லாரையும் விலைபோனவங்கன்னு எழுதியிருக்க."

"இல்ல சார். நாம நேர்மையாவே விசாரிச்சாலும் அந்தப் பொண்ணு எதுக்கு நம்பணும்?"

இரண்டு வாரத்தில் வழக்கு மாறியது. லொரேனாவும் மாறினாள், தொலைந்த பொருள்கள் பிரிவுக்கு. காபி எடுக்கப் போனால் பேச்சு நின்றது. பக்கத்து மாவட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் எப்படியோ என்ற கேள்வியும் அவளை விடவில்லை.

வழக்குக் கோப்பை அவளே தன் பழைய காரில் கொண்டுபோனாள். ஊர் எல்லையில், முன்னால் போன ஆளில்லாத கார் ஒன்று சட்டென்று நின்றது. பாலைவனத்திலிருந்து காய்ந்த முட்செடி ஒன்று காற்றில் உருண்டு சாலைக்கு வந்திருந்தது. கார் பொறுமையாகக் காத்திருந்தது, அது கடந்து போகும்வரை.