கோன் சரிந்த கதை

1

இந்தக் கதை மாடி வீட்டிலிருந்து என் காதில் விழுந்தது. நானாகத் தேடிப் போகவில்லை. "உங்க கைக்கு வந்தா மட்டும் என் கோன் ஏன் சரியுது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. சரித்திரக் கதை எழுதிப் பழகியவன் நான். கோன் என்றால் எனக்கு அரசன்தான். உடனே உட்கார்ந்து எழுதினேன்:

அரியணையிலிருந்து கோன் சரிந்த அன்று அந்தப்புரத்தில்

(அப்படியே இருக்கட்டும். அடிக்க மனம் வரவில்லை.)

மறுநாள் படிக்கட்டில் மாடி வீட்டு அக்காவிடமே கேட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. "அது நூல்கோன், தம்பி!"

2

அக்காவுக்கு நூல் ஆலையில் கோன் சுற்றும் வேலை. சின்னக் குழல்களில் வரும் நூலைக் கூம்பு வடிவ அட்டையில் பெரிய கோனாகச் சுற்றும் இயந்திரம் அவருடையது. அடுத்த கூடத்தில் அவர் கணவர் பாவு ஓட்டுகிறார். நெசவுக்குப் போகும் நீளவாட்டு நூல்களை நூற்றுக்கணக்கான கோன்களிலிருந்து ஒரே நேரத்தில் இழுத்து ஓர் உருளையில் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு கோன் சரிந்து நூல் கொத்தாக வழிந்தாலும் மொத்தமும் நிற்கும்.

நின்றுகொண்டே இருந்தது.

"தொளதொளன்னு சுத்தறே. இறுக்கிச் சுத்து" என்றார் கணவர். அக்கா இறுக்கினார். கோன்கள் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டன, நூல் அறுந்தது, சரிவது மட்டும் நிற்கவில்லை. "நீங்க இழுக்கற இழுப்புக்குக் கம்பியே அந்துடும்" என்றார் அக்கா. சண்டை வீட்டுக்கும் கூடவே வந்தது.

கடைசியில் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். "இது ஓயலைன்னா ரெண்டு பேரையும் வேற வேற ஷிப்ட்ல போட்டுடுவேன். நிம்மதியா இருக்கும்."

யாருக்கு நிம்மதி? கல்யாணமானதிலிருந்து ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புகிறவர்கள். ஷிப்ட் மாறினால் ஆலை வாசலில் கையசைத்துக்கொள்வதோடு சரி.

3

இந்த இடத்தில் கணவரை முரடராக எழுதியிருந்தேன். 'கோனைத் தூக்கிச் சுவரில் அடித்தார்' என்று ஒரு வாக்கியம். அக்கா வாசித்துவிட்டு, "இவரா? கரப்பானைக்கூட அடிக்க மாட்டாரு. எடுத்துடுங்க" என்றார். (கணவர் மட்டும், "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் ஆசையாக.)

உண்மையில் நடந்தது இது. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததும் கணவர் சரிந்த கோன்கள் சிலவற்றையும் இன்னும் ஓட்டாத முழுக் கோன் ஒன்றையும் கேன்டீன் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணு கவனிச்சேன். எல்லாமே பாதி தீர்ந்தப்புறம்தான் சரியுது. அதே பருமன்ல."

"அதே பருமன்லயா? இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"நீ எங்க பேசவிட்டே?"

அக்கா அந்த முழுக் கோனை மடியில் வைத்துக்கொண்டு கையாலேயே நூலை உருவினார். கோன் பாதியாக மெலிந்தபோது அதன்மேல் பளபளவென்று ஒரு பட்டை தெரிந்தது.

(கோனில் நூல் குறுக்கும் மறுக்குமாக ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றிலிருந்து கொஞ்சம் விலகி விழுந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் கோன் பருக்கும்போது, சில பருமன்களில், நூல் போன தடத்திலேயே மறுபடி மறுபடி விழுந்து நாடாபோல் அடுக்கிவிடும். பிடிமானமில்லாத அந்த அடுக்கு, இழுத்தால் மொத்தமாக வழியும். இதைத் தவிர்க்கத்தான் இயந்திரம் தன் வேகத்தை ஓயாமல் லேசாகக் கூட்டிக் குறைக்கும்.)

"பட்டை விழுந்திருக்குங்க! இறுக்கத்துல ஒண்ணுமில்ல. மிஷின் வேகம் மாறாம ஒரே சீரா ஓடியிருக்கு."

ஃபிட்டர் திறந்து பார்த்தார். வேகத்தை மாற்றும் பாகம் செத்துக் கிடந்தது. புதிதாகப் போட்டார். அக்கா இறுக்கத்தைப் பழைய அளவுக்குத் தளர்த்தினார். புதுக் கோன்கள் அட்டை தெரியும்வரை சமர்த்தாக உரிந்தன. கணவர் இடைக்கதவில் வந்து நின்றார். இரைச்சலில் குரல் எடுபடாது என்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஒரு பெரிய கும்பிடு போட்டார். கூடமே சிரித்தது.

4

இங்கேயே முடித்திருப்பேன். மேனேஜர் விடவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "அடுத்த ஷிப்ட்டுக்கு சூப்பர்வைசர் வேணும். நீங்களே பாருங்க" என்றார். தண்டனையாக வர இருந்தது பதவியாக வந்தது.

முடிவு ஒன்று: அக்கா ஏற்றுக்கொள்கிறார். முடிவு இரண்டு: வேண்டாம் என்கிறார். இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி மாடிக்கு எடுத்துப் போனேன்.

கணவர் முதல் தாளைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துக்கம்மா. சமையலை நான் பாத்துக்கறேன்."

"நீங்க சமைச்சா நான் ஊரை விட்டே போகணும்."

"நிஜமாத்தான் சொல்றேன். உன்னைவிட அந்த வேலைக்கு யாரு இருக்கா?"

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "எனக்கும் ஆசைதான். ஆனா வண்டியில உங்க முதுகுகிட்ட ஊர்க்கதையெல்லாம் பேசிக்கிட்டே வருவேனே, அதை யார்கிட்ட பேசறது?"

கணவருக்குக் காதுமடல் சிவந்துபோயிற்று. இரண்டாவது தாளையும் எடுத்துப் பார்த்தார், வைத்தார். "எழுதறவர் நீங்கதானே, தம்பி. நீங்களே சொல்லுங்க."

தாள்களை மேசைமேலேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பிறகு அக்கா மேனேஜரிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. நான் எழுந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வாசகரே, நீங்கள் உட்காருங்கள். உடனே ஒரு தாளை எடுத்துவிட வேண்டாம். அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.