முட்டை, சீஸ், ஒரு பெருவிரல்

1

இப்போதெல்லாம் மனுசர் தின்பதற்கு முன் தட்டைப் படம் பிடிக்கிறார்கள். பிஸ்மி சொல்ல மறந்தாலும் படம் எடுக்க மறப்பதில்லை. ஆறிப்போனதைத் தின்றுவிட்டு, சோக்கான சாப்பாடு என்று உலகத்துக்கு அறிவிக்கிறார்கள். தின்ற பிறகு வயிறு என்ன சொன்னது என்பதை மட்டும் ஒருவனும் சொல்வதில்லை.

இந்தக் கதை எனக்கு அகப்பட்டது சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவுக்காரர், கிளினிக்கில். வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்த மனுசன் தன் சம்பந்தியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் அவருடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதிப் பாதி என் பொய். எது எது என்று கேட்காதீர்கள், அவர் சொன்னது மட்டும் உண்மை என்று யார் கண்டது?

2

முதல் தொடக்கம்: 'வரிப்பத்தான்சேனையில் நெற்கதிர்கள் பொன்னாக...'

இதை விட்டுவிட்டேன். பொன்னை நான் வயலில் கண்டதில்லை. கண்டது பூச்சிதான்.

இரண்டாம் தொடக்கம்: 'ஷரிபுதீனின் வலது கால் பெருவிரல் கறுத்திருந்தது.'

இது நிற்கட்டும். ஷரிபுதீனுக்கு வயது அறுபத்தெட்டு. வரிப்பத்தான்சேனையில் இரண்டு ஏக்கர் இன்னமும் அவர் கையில். இருப்பு கல்முனைக்குடியில், இளைய மகள் ஹுஸ்னியாவின் வீட்டில். அவர் கட்டி, மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. எங்கள் பக்கம் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வருவார். மாப்பிள்ளை முன்னறைக்கு வந்தார், கட்டியவர் பின்னறைக்குப் போனார்.

[மனைவி ஆயிஷா உம்மாவை மூத்த மகளின் பிள்ளைப்பேறு பார்க்க அனுப்பிவிட்டேன். அவ வீட்டில் இருந்தால் இந்தக் கதை நாலு வரியில் முடிந்துவிடும்.]

ஒரு மாதத்துக்குள் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டொக்டர். பெருவிரல் போனால் வரம்பில் நடக்க ஏலாது. ஈரக் களிமண்ணில் மனுசனைப் பிடித்து வைத்திருப்பது அந்த விரல்தான். சோற்றைக் குறையுங்கள் என்றும் சொன்னார். ஷரிபுதீன் இரவுச் சோற்றை விட்டார். குறைத்தாயிற்று.

3

மருமகன் றிபாஸ் கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் கத்தாரில் ஹோட்டல் குசினியில் நின்றவன். இப்போது பேக்கரி வைத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் பாண் விற்கிறவன் மாமாவின் விரலைக் காப்பாற்றப் புறப்பட்டான். இதை நம்புவது எனக்கே கஷ்டம். ஆனால் கிளினிக் மனுசன் சத்தியம் பண்ணினார்.

மாமனும் மருமகனும் அந்த வீட்டில் நேரே கதைப்பதில்லை. மரியாதை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் ஹுஸ்னியா. "மாமாக்கு இனிப் பகலைக்குச் சோறு வேணாம், நான் முட்டையில ஒண்டு செஞ்சு குடுக்கிறன் எண்டு சொல்லு" என்றான் றிபாஸ். ஹுஸ்னியா படிப்பிக்கிற டீச்சர். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் சுருக்கிச் சொன்னாள்: "வாப்பா, இனிப் பகலைக்கு அவர் முட்டையில என்னமோ செஞ்சு தருவாராம்."

சுருக்கியதில் சோறு விழுந்துபோயிற்று.

பகல் றிபாஸ் பேக்கரியிலிருந்து வந்தான். மூன்று முட்டையை உடைத்து உப்பும் மிளகும் போட்டு அடித்தான். மல்லி இலையையும் கறிவேப்பிலையையும் பொடியாக அரிந்து கலந்தான். தாச்சியில் துளி பட்டர் உருகியதும் முட்டையை ஊற்றி, நெருப்பைக் குறைத்தான். ஓரம் இறுகி நடு தளதளவென்று இருக்கும்போது சீஸைத் துருவித் தூவி மூடினான். மூன்று நிமிடத்தில் திறந்து, பாதியாக மடித்துத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் பேக்கரிக்குப் போய்விட்டான். மருமகன் பார்த்திருக்க மாமன் தின்பது அழகில்லையே.

[எழுதுகிறவன் பொய் சொல்லக்கூடாதென்று நானும் ஆக்கிப் பார்த்தேன். மூடியைப் போட மறந்துவிட்டேன். கீழே கரி, மேலே சளி. பூனை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.]

4

ஷரிபுதீன் மூடியைத் திறந்தார். கறி இருக்கிறது. சோறு எங்கே?

மறந்திட்டார் போல என்று நினைத்தார். கேட்டால் மருமகனுக்கு வெட்கம், மகளுக்கு அதைவிட வெட்கம். பேசாமல் குசினிக்குப் போய், ஹுஸ்னியா காலையில் மற்றவர்களுக்கு ஆக்கிவைத்த பானையிலிருந்து மூன்று அகப்பை போட்டுக்கொண்டார். சீஸின் மணம் நனைந்த கன்றுக்குட்டியைப் போல இருந்தாலும் சோற்றோடு பிசைந்தால் பரவாயில்லை. உப்புத்தான் கொஞ்சம் குறைவு.

இப்படி ஒரு மாதம். பானையில் சோறு குறைவதை ஹுஸ்னியா கண்டாள். புருசன் பேக்கரி வேலையில் பசித்துத் தின்கிறார் என்று எண்ணி அரைச் சுண்டு அரிசியைக் கூட்டிப் போட்டாள்.

[ஒரு மனுசனுக்கு இதுகூட விளங்காதா என்று சிலர் கேட்பீர்கள். உங்கள் முன்னால் ஒரு துண்டு மீனை மட்டும் வைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சோறு வருமென்று பார்த்திருப்பீர்கள். ஷரிபுதீன் பார்த்திருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.]

5

கிளினிக்கில் சீனி இறங்கவில்லை, ஏறியிருந்தது. விரலுக்கு இன்னும் இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் தவணை என்றார் டொக்டர். வீட்டில் சுவரின் இரு பக்கமும் சூடாயிற்று.

"வெளியில எங்கயும் கைவெச்சாரா எண்டு கேளு" என்றான் றிபாஸ்.

"நான் என்னத்துக்கு வெளியில திங்கிற?" என்றார் ஷரிபுதீன், மகளைப் பார்த்து. "அவர் தாற கறிய வெச்சுத்தான் சோறு திண்ட. வேற ஒண்டும் வாயில வெக்கல்ல."

"அப்ப பானையில குறைஞ்ச சோறு?" ஹுஸ்னியா புருசன் நின்ற பக்கம் திரும்பினாள். "நான் ஒங்களயெல்லவா நெனச்ச."

றிபாஸ் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். கல்யாணமாகி ஏழு வருடத்தில் முதல் தடவை.

"மாமா, அது கறி இல்ல. அதுதான் சாப்பாடு."

"சோறில்லாமயா?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் சொல்லல்லயே மருமகன்."

"இவக்கிட்டச் சொன்ன."

"ஒங்கட வாய் என்ன, இன்னம் கத்தார்லயா கெடக்கு?"

"ஒங்கட வாயும் இஞ்சதானே மாமா இரிந்த. சோறு எங்க எண்டு ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாமே."

"கேட்டா ஒங்களுக்கு வெக்கமெண்டு பாத்த."

'அப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்கலங்கி...'

இல்லை. கலங்கவில்லை. ஹுஸ்னியாதான் சிரித்தாள். அதற்காக இருவரும் அவளை முறைத்தார்கள்.

6

மறுநாள் பகல் றிபாஸ் பேக்கரிக்குத் திரும்பிப் போகவில்லை. சோற்றுப் பானையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கதிரையை இழுத்து மாமாவின் எதிரில் போட்டு இருந்தான். மருமகன் காவல் இருக்க மாமன் தின்றார். வெட்கத்தில் கடைசித் துண்டை அவசரமாக வாயில் போட்டார். தண்ணீரைக் குடித்து இறக்கினார்.

"எப்பிடி மாமா?"

"வயிறு நெறஞ்சிட்டு."

"அப்ப சரிதானே."

"நெறஞ்சிட்டு எண்டுதான் சொன்ன. திண்டிட்டன் எண்டு சொல்லல்ல."

கையைக் கழுவினார். துணி சுற்றிய காலைச் செருப்புக்குள் நுழைத்தார். கொஞ்சம் நடந்திட்டு வாறன் என்று வாசல் படலையைத் திறந்தார்.

7

முடிவு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் சீனி இறங்கி விரல் தப்பும், எல்லாரும் முட்டையைப் புகழ்வார்கள். வானொலி நாடகம்போல இருந்தது. மற்றதில் விரல் போகும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மனுசன் என்ன குற்றம் செய்தார், மரியாதை பார்த்ததைத் தவிர?

ஆகவே அவரைச் சந்திவரை கொண்டுவந்து விடுகிறேன். இடப்பக்கம் பள்ளிவாசல், அடுத்த தொழுகைக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடக்கிறது. வலப்பக்கம் சோற்றுக்கடை, அது திறந்துதான் இருக்கிறது. சோற்றை விட்டால் விரல் நிற்கும் என்கிறார்கள். சொல்வது டொக்டரும் பாண் விற்கிறவனும். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஷரிபுதீனுக்கும் இல்லை, அவர் நிற்கிற நிலையைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் எழும்பிப் போகிறேன். அவரை மறிப்பதென்றால் நீங்கள்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதென்றால் நேரே முகத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.