மெல்போண் போகாத மொனிகா

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற எங்கடை ஆட்கள் மொனிகாவை "பேப்பர் மொனிகா" என்றுதான் சொல்லுவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தின் மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, மன்னாராரோ யாழ்ப்பாணத்தாரோ, யார் வந்தாலும் அவர்களுடைய பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு ஏச்சுக் கொடுப்பாள்.

"கிறிகோரி மாமா, எத்தினை தரம் சொல்லுறது, விபரத்தைப் பாத்து எழுதிக்கொண்டு வாங்கோ எண்டு? ஒரு எழுத்துப் பிழைச்சாலும் கொஸ்தூராப் பொலிஸ் கந்தோரில திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

உணவகமொன்றில் சமையல்காரரான கிறிகோரி மாமா, பள்ளிக்கூடப் பொடியன் மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். மொனிகாவுக்கு அந்தக் காட்சி நல்லாய்ப் பிடிக்கும்.

அவள் பிறந்தது பலெர்மோவில். கையில் இத்தாலியப் பாஸ்போட். வியா மக்வேதாவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுப் பகுதி வேலை. வயது முப்பத்தைந்து. தாய் றோசமலர் கிழமைக்கொரு மாப்பிள்ளைப் படத்தைப் போனில் காட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒஸ்ரேலியாவின் வேர்க்கிங் ஹொலிடே விசா பற்றி மொனிகா அறிந்தாள். ஒரு வருசம் அங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், ஊரும் பார்க்கலாம். ஆனால் முப்பத்தாறு வயதாக முதல் விண்ணப்பிக்க வேண்டும்.

"விடுமுறையெண்டால் ஏன் வேலை? வேலையெண்டால் அதென்ன விடுமுறை?" என்று றோசமலர் கேட்டாள்.  "உங்களுக்கு விளங்காதம்மா" என்றாள் மொனிகா.

கோப்பி மெசின் சூடாகிற நேரத்துக்குள், நின்ற நிலையில், போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். இரண்டு நாளில் விசா வந்துவிட்டது. ஒரு பெர்மெஸ்ஸோவுக்கு மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிற சனத்துக்கு நடுவில் இது சும்மா விசயமா? ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லாருக்கும் போனைத் தூக்கிக் காட்டினாள். "வடிவாய் நிரப்பினால் இப்பிடித்தான் வரும்," என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தாள்.

பிறகு வேலையை விட்டாள். முதலாளியம்மாவிடம் சொல்வதற்கென்று உலகம் பெரியது, வாழ்க்கை சின்னது என்று ஓர் உரையை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். முதலாளியம்மா அதில் பாதியைக் கேட்டு, "பிராவா" என்று சொல்லி, உடுப்புப் பெட்டித் திறப்பை வாங்கிப் புதிதாக வேலைக்கு வந்த பெட்டையிடம் கொடுத்துவிட்டா.

மெல்போணுக்குப் புறப்படுகிற நாள் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் விமான நிலைய பஸ்ஸடியில் கோயில் பங்குச் சனத்தில் பாதி நின்றது. மாதா பாட்டு ஒன்று பாடினார்கள். கிறிகோரி மாமா கண்ணைத் துடைத்தார். மொனிகா யன்னலுக்குள்ளால், பெரிய ஆட்கள் காட்டுவது மாதிரி, மெதுவாகக் கையை அசைத்தாள்.

விமான நிலையத்தில் இருந்த பெட்டை பாஸ்போட்டை வாங்கினாள், தட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"இந்தப் பாஸ்போட்டுக்கு விசா இல்லையே."

"திரும்பப் பாருங்கோ. நான் இந்தப் பேப்பர் வேலையெல்லாம் நல்லாய்த் தெரிஞ்ச ஆள்," என்றாள் மொனிகா, கொஞ்சம் உரத்த குரலில்.

அந்தப் பெட்டை விசாக் கடிதத்தையும் பாஸ்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். பாஸ்போட் இலக்கத்தின் முடிவில் முப்பத்தெட்டு. கடிதத்தில் எண்பத்துமூன்று. மொனிகாவுக்குப் பின்னால் நின்ற வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஆ, மாறிப்போச்சு," என்று உதவி செய்தார்.

பின்னேரம் அதே பெட்டியை இழுத்துக்கொண்டு, தலையில் சால்வையைப் போர்த்தியபடி, ஒரேத்தோவில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்த றோசமலர் மகளையும் பார்த்து, பெட்டியையும் பார்த்தாள்.

"ஏன் பிள்ளை, ஒஸ்ரேலியா பூட்டியிருக்கோ?"

இலக்கத்தைத் திருத்தித் தரும்படி ஒஸ்ரேலிய விசாக் கந்தோருக்கு அன்றைக்கே எழுதிப்போட்டாள். பதில் வரச் சில நாள் எடுக்கும். அதுவரைக்கும் ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்று தாயிடம் சத்தியம் கேட்டாள்.

"நான் பொய் சொல்லமாட்டன்," என்றாள் றோசமலர். "ஆரும் கேட்டால், பிள்ளை சுகமாய் இருக்கிறாள் எண்டு மட்டும் சொல்லுவன். அது உண்மைதானே."

மொனிகா திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குள் குந்தினாள். வாட்ஸப்பில் ஆட்கள் படம் கேட்டார்கள். பலெர்மோவின் மொண்டெல்லோக் கடற்கரையில் எடுத்த பழைய படம் ஒன்றை, கீழே ஒன்றும் எழுதாமல், ஸ்ரேற்றஸில் போட்டாள். "ஒஸ்ரேலியாக் கடல் என்ன வடிவு!" என்று வந்து குவிந்தது. எழுதியவர்கள் எல்லாரும் ஒவ்வொரு ஓகஸ்ற்றும் அதே மொண்டெல்லோவில் குடையை விரித்துக்கொண்டு இருக்கிறவர்கள். மொனிகா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் கொஞ்சம் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கிறிகோரி மாமா வீடியோ அழைப்பு எடுத்தார். பேப்பர் அலுவலாக இருக்குமென்று நினைத்து, ஓடிப்போய் வெள்ளைச் சுவர் பின்னால் தெரிய நின்று பதில் கொடுத்தாள்.

"பிள்ளை, அங்கை இப்ப இருட்டிப்போச்சே?"

மொனிகாவின் முகத்தில் திரைச்சீலை இடுக்கால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "இல்லை மாமா, இஞ்சை வெயில் கனநேரம் இருக்கும்."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஸ்பிஞ்சோனே விற்கிற மூன்று சில்லு வண்டி வந்தது. அதன் ஒலிபெருக்கி வீட்டுச் சுவர் அதிரக் கத்தியது. சூடு ரொட்டி, வெங்காயம் போட்டது, வாசனையைப் பாருங்கோ!

கிறிகோரி மாமா போனைக் காதடிக்குக் கொண்டுபோனார். "அங்கையும் ஸ்பிஞ்சோனே விக்கிறாங்களோ?"

"ஓம் மாமா. இஞ்சை இத்தாலிக்காரர் கன பேர்."

வண்டி மெல்ல நகர்ந்தது. இப்போது அதே குரல் போனுக்குள்ளிருந்தும், கிறிகோரி மாமாவின் பக்கத்திலிருந்து, வெங்காயம் வெங்காயமென்று கத்தியது.

"பிள்ளை," என்றார் அவர். "கொம்மாவிட்டை ஒரு சட்டி குடுக்க வந்தனான். அவ போன் எடுக்கேல்லை எண்டுதான் உனக்கு எடுத்தனான். கீழைதான் நிக்கிறன். கதவைத் திற."

மேலே வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு கேட்டார்.

"என்ன பிழைச்சது?"

"ரெண்டு இலக்கம். மாறிப்போச்சு."

அவர் முதலில் இருமினார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு கண்ணால் தண்ணி வழியச் சிரித்தார். மொனிகாவுக்குக் கோபம் வந்தது, அது நிலைக்கவில்லை. தன்னுடைய ஏச்செல்லாம் அவர் காதில் இப்போது எப்படிக் கேட்கும் என்று நினைத்தாள். அவளுக்கும் சிரிப்பு அடக்கமுடியாமல் வந்துவிட்டது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அந்த ஒருத்தரில் யாரெல்லாம் சேரமாட்டார்கள் என்பது மொனிகாவுக்கு நல்லாய்த் தெரியும். ஆகவே கதை தனக்கு முன்னால் ஓடிவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள்.

மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யூலியானா அக்காதான் வாய் திறந்தா. "ஐயோ, ஒஸ்ரேலியாவில இருந்து எப்ப வந்தனீ?"

"போனால்தானே அக்கா வாறதுக்கு."

நடந்ததையெல்லாம் மொனிகா நின்ற இடத்திலேயே நடித்துக் காட்டினாள். கையசைத்தது, முப்பத்தெட்டு, மொண்டெல்லோ, வெங்காயம், ஒன்றையும் விடவில்லை. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையை எடுத்தார்கள். ஒருவர் கத்தானியாக் கொஸ்தூராவில் அரை நாள் வரிசையில் நின்ற பிறகு, தனக்குத் தந்த நாள் பலெர்மோக் கொஸ்தூராவுக்கு என்று கண்டுபிடித்தவராம். யூலியானா அக்கா பெர்மெஸ்ஸோவுக்குத் தங்கச்சியின் படத்தை ஒட்டிக் கொடுத்து, இரண்டு வருசம் அந்த முகத்தோடேயே திரிந்தவவாம். இத்தனை வருசம் இவர்களுக்கு எழுதிக் கொடுத்தும் இதில் ஒன்றையும் தான் கேட்டதில்லை என்று மொனிகாவுக்குப் பட்டது. எழுதுகிற அவசரத்திலும் ஏசுகிற அவசரத்திலும் காது கொடுக்கவில்லைப்போல.

அன்றைக்கும் மேசையைப் போட்டாள். யூலியானா அக்கா நிரப்பின விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தா. "கோவிக்காதை, என்ன?" என்றா. மொனிகா கோவிக்கவில்லை. காது மட்டும் சூடானது.

அடுத்த கிழமை திருத்தம் வந்தது. ரிக்கெற்றின் திகதியை மாற்றி, ஒருத்தருக்கும் சொல்லாமல் புறப்பட்டாள். காலையில் பஸ்ஸடிக்கு றோசமலர் மட்டும் வந்தாள். பெட்டியை ஏற்றியதும் மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"பஸ் எடுக்கும் வரைக்கும் நிக்கேலாது பிள்ளை. வேலை வீட்டுச் சிஞ்ஞோரா பாத்துக்கொண்டிருப்பா."

"போங்கோ அம்மா."

"திரும்பி வாறதெண்டால் முதலே சொல்லு. சோறு கூடப் போடவேணும்."

சொல்லிவிட்டு றோசமலர் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வேலைக்குப் பிந்திவிட்ட மனுசியின் விறுவிறுப்போடு தெருவைக் கடந்து போனாள். மொனிகா யன்னலுக்குள்ளால் இரண்டு கையையும் தூக்கி, சின்னப் பிள்ளை மாதிரி, அந்த முதுகைப் பார்த்து அசைத்துக்கொண்டேயிருந்தாள்.