தொட்டில் இறங்கிய வாரம்

முடி திருத்தும் கடையில் நாள் முழுக்க நிற்பவளுக்குக் கால் வலித்தால் அது நியாயம். அவளுக்கு வலித்ததோ கழுத்தும் முதுகும். உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் விரல் வைத்தால் பதியும் அளவுக்குப் பள்ளம். தைலம், பெல்ட், பயிற்சி என்று எல்லாம் பார்த்துச் சலித்த பிறகுதான், மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்க மருத்துவமனைக்குப் போனாள். துணைக்கு அக்கா.

"குருவி, பயமா இருக்கா?" காத்திருந்தபோது அக்கா கேட்டாள்.

அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது அக்கா ஒருத்திதான் பாக்கி. பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பறந்தவளுக்கு விழுந்த பெயர் அது. எட்டாம் வகுப்பில் மார்பு வளர ஆரம்பித்தது, நிற்காமல் வளர்ந்தது. ஒரு பந்தயத்தில் வேலியோரம் யாரோ சிரித்த சிரிப்பைக் கேட்டுப் பாதி தூரத்திலேயே நடக்கத் தொடங்கினாள். அதன்பின் ஓடவே இல்லை.

"அப்போ உனக்குப் பதிலா உன் ஷூவ நான் போட்டுக்கிட்டு ஓடினேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா.

"கடைசியா வந்துட்டு, ஜெயிச்ச மாதிரி கையத் தூக்கினியே."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்போதே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. பூசி மெழுகாமல் பேசினார். "வலி நல்லாவே குறையும். ஆனா தழும்பு இருக்கும், மங்கும், மறையாது. காம்புல உணர்ச்சி குறையலாம், போயிடவும் செய்யலாம். ரெண்டு பக்கமும் அச்சு வார்த்த மாதிரி இருக்காது. கொஞ்ச வாரம் கையத் தூக்கி வேலை பார்க்க முடியாது." எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். பிறகு அவர் கேட்டார்: "இன்னொரு குழந்தை யோசனை இருக்கா? அப்புறம் பால் கொடுக்க முடியும்னு நான் உறுதி தர மாட்டேன். கர்ப்பமானா மறுபடி பெருசாகவும் ஆகலாம். வீட்ல பேசிட்டு வாங்க."

அதற்கு மட்டும் தலை ஆடவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு, மகள் பிறந்தபோது குடியிருந்த பழைய மாடி அறை நினைவுக்கு வந்தது. இருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் மகளுக்குப் பால் கொடுப்பாள். அச்சகத்திலிருந்து மைக்கறையோடு வரும் கணவன், கையைக் கழுவிவிட்டு, குழந்தையின் கன்னம் அசைவதைப் பார்த்தபடி நிற்பான். தன் மார்பை அவள் ஒரு தடவைகூடத் திட்டாத காலம் அது ஒன்றுதான்.

மாலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"தொட்டில் இன்னும் பரண்லதான் இருக்கு. நீ ஆசைப்படறேன்னுதான் யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கேன்."

"நானா? நீங்க ஆசைப்படறீங்கன்னு இல்ல நான் அதைத் தூசி தட்டிக்கிட்டு இருக்கேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்காயமா சிரிப்பா தெரியவில்லை, இருவர் கண்ணிலும் தண்ணீர்.

"அப்போ ரெண்டு பேருக்குமே வேணாமா?" என்றான்.

அவள் வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். "குழந்தை வேணாம். அந்த மாடி ரூம் மட்டும் திரும்ப வேணும்போல இருக்கு."

"மழை பெஞ்சா ஒழுகும்."

"ஒழுகிட்டுப் போகட்டும்."

அந்த வாரமே தொட்டில் பரணிலிருந்து இறங்கி, கர்ப்பமாயிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனது. அது வாசல் தாண்டும்போது அவள் ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து, மருத்துவருக்குப் போன் செய்தாள்.

சிகிச்சை முடிந்து எழுந்தது சுலபமாக இல்லை. தையல் குத்தியது, தலை பின்ன மகள் உதவி வேண்டியிருந்தது. இடப்பக்கம் உணர்ச்சி பாதிதான் திரும்பியது. ஆனால் மறுபடி கத்தரி பிடித்த அன்று சாயங்காலம் வரை முதுகு தன்னை ஞாபகப்படுத்தவே இல்லை.

எப்படி வேண்டுமானாலும் படுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஒரு விடுமுறை மதியம் தரையில் குப்புறப் படுத்து வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். கணவன் பதறி வந்தான்.

"விழுந்துட்டியா?"

"படுத்திருக்கேன். சின்ன வயசுல இப்படிப் படுத்துத்தான் படிப்பேன்."

அவனும் பக்கத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தான். தொந்தி இடம் கொடுக்கவில்லை. புரண்டு மல்லாந்து, "சத்தமாப் படி, நானும் கேக்கறேன்" என்றான்.